அத்தை வெட்டிய ஒன்றரை நிமிடம்

மனித குலம் இதுவரை செய்த பெரிய காரியங்கள் மொத்தம் மூன்று. நெருப்பை மூட்டியது, சக்கரத்தை உருட்டியது, அத்தை விசிடியை டிவிடியாக மாற்றியது. முதல் இரண்டில் குறை சொல்ல இடமுண்டு. ஒன்று கையைச் சுடும், இன்னொன்று பஞ்சர் ஆகும். மூன்றாவதில் குறையே கிடையாது. இதை அத்தையே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதுதான் அவளுடைய கடை. மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வருகிறவர்களிடம் வாங்க என்றுகூடச் சொல்லாமல், "டிஸ்கை எதால துடைச்சீங்க?" என்றுதான் கேட்பாள். சட்டையால் என்று சொன்னவர் அன்றைக்குத் தொலைந்தார். அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். புதியது மாற்றுகிற வேலைக்கு. பழையது டிஸ்கைப் படிக்க மட்டும். அதன் தட்டு தானாக வெளியே வராது, சின்ன ஓட்டையில் ஹேர்பின்னை விட்டுக் குத்த வேண்டும். அதனால் அத்தையின் தலையில் எப்போதும் ஒரு பின் குறையும்.

பன்னிரண்டு வருடம் ஒரு வீடியோக்காரரிடம் எடிட்டிங் வேலை பார்த்தவள். அவர் எடுப்பார், இவள் வெட்டுவாள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டதையும், மாமியார் முகத்தைச் சுளித்ததையும் வெட்டி எத்தனையோ குடும்பங்களை ஒற்றுமையாக வைத்திருந்தாள். அவர் தொழிலை மூட்டை கட்டியபோது அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிட்டாள். "இதெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று அவளுடைய அண்ணன் கேட்டார். "வீட்டுக்கு வீடு அலமாரில டிஸ்க் தூங்குற வரைக்கும்" என்றாள்.

வேலை, சொல்லக் கேட்டால் எளிது. விசிடிக்குள் 'டேட்' என்று முடிகிற ஒரு பெரிய ஃபைல் இருக்கும். அதை இறக்கி, டிவிடிக்குப் பிடித்த வடிவத்தில் படத்தை மாற்ற வேண்டும். சத்தத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதில் கோட்டைவிட்டால் மாமனார் அணில் குரலில் ஆசி வழங்குவார். எல்லாம் முடிந்த பிறகு வெற்று டிஸ்கில் பதிவது, தொழில் பாஷையில் எரிப்பது. "உங்க கல்யாணத்தை வியாழக்கிழமை எரிச்சுடுறேன்" என்று அத்தை சாதாரணமாகச் சொல்ல, எதிரில் நிற்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

ஒரு திங்கட்கிழமை நர்ஸம்மா ஒருவர் தன் கல்யாண வரவேற்பு டிஸ்கோடு வந்தார்.

"பழைய பிளேயர் செத்துப்போச்சு. புதுசு இதைச் சீண்டவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு இருபதாவது வருஷம். அதுக்குள்ள கிடைக்குமா?"

"எதால துடைச்சீங்க?"

"துடைக்கவே இல்ல."

அத்தைக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

டிஸ்கில் பூனை பிறாண்டியதுபோலக் கீறல். இறக்கி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆனது. இருபத்தேழாவது நிமிடத்தில், பெண்ணை விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்ய மாப்பிள்ளை மைக்கைப் பிடிக்கிறார். "இது என் மனைவி, பேரு" என்றதும் படம் நின்றுவிடுகிறது. பெயரின் முதல் எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மாப்பிள்ளையின் வாய் திறந்தபடி இருக்கிறது. கூட்டத்தில் ஒரு தலைகூட அசையவில்லை. கீறல் இங்கேதான் கடித்திருக்கிறது என்று அத்தை முடிவு கட்டினாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் உட்கார்ந்து, திரும்பி வந்த ஒவ்வொரு துணுக்கையும் வெட்டி ஒட்டினாள். பெயர் ஒரே மூச்சில் கணீரென்று வந்தது. படத்தின் இடது மூலையில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை யாருமே கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை டிவிடி எரிந்தது. இடம் வேண்டுமென்று டேட் ஃபைலை வழக்கம்போல அழித்தாள். பழைய டிஸ்கின் மேலிருந்த அழுக்கு ஸ்டிக்கரைப் பார்க்கச் சகிக்காமல் உரித்தாள். ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் கையோடு வந்துவிட்டது. டிவிடிதான் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிஸ்கை டிராயருக்குள் தள்ளினாள். டிவிடியை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நர்ஸம்மா திரும்பி வந்தார். பின்னால் அவருடைய கணவர், வாட்ச் கடைக்காரர்.

"அக்கா, இருபத்தேழாவது நிமிஷத்தைப் போடுங்க."

போட்டாள். மாப்பிள்ளை பெண்ணின் பெயரைச் செய்தி வாசிப்பவர் மாதிரிச் சொன்னார்.

"இது யாரு?" என்றார் நர்ஸம்மா.

"உங்க வீட்டுக்காரர்தான்."

"அவர் மாதிரிதான் இருக்காரு. ஆனா அவர் என் பேரை இப்படிச் சொன்னதே இல்ல. அன்னைக்கு என் பேரைச் சொல்ல அவருக்கு ஒன்றரை நிமிஷம் ஆச்சு. எடுத்துக் குடுக்கலாம்னு நான் வாயைத் திறந்தேன். வேண்டாம்னு கையைக் காட்டிட்டு அவரே சொன்னாரு. அந்த ஒன்றரை நிமிஷம் எங்க?"

"ந... நல்லாத்தானே இருக்கு. வி... விடேன்" என்றார் கணவர்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். எனக்கு அது வேணும்."

அத்தை படத்தை நிறுத்தினாள். "நான் கீறல்னு நினைச்சுட்டேங்க."

வாட்ச் கடைக்காரர் சிரித்தார். "கீ... கீறல்தான். பி... பிறந்ததுல இருந்து."

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. டிராயரைத் திறந்து டிஸ்கை மேசைமேல் வைத்தாள். நர்ஸம்மா அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பூச்சு போன இடத்தில் எதிர்க்கட்டடம் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவர் டிஸ்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றாள் அத்தை, என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே.

அவர்கள் போனதும் அழித்த ஃபைலைத் தோண்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஏறிவிட்ட அடுத்த ஃபைலில் யாருடைய பிள்ளையோ நீச்சல் போட்டியில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம்வரை தோண்டினாள். தண்ணீரும் பிள்ளையும்தான்.

போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகவே தினமும் வந்துபோகும் அண்ணன் மகள் அப்போது வாயைத் திறந்தாள்.

"அத்தை, அந்தத் துண்டு என் போன்ல இருக்கும்னு நினைக்கிறேன்."

"உன் போன்லயா? எப்படி?"

"சும்மா."

கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே வெட்டி எடுத்து வைத்திருந்தாள், தோழிகளிடம் காட்டிச் சிரிப்பதற்கு. காட்டவில்லை. முழு ஒன்றரை நிமிடத்தையும் ஒருமுறை கேட்ட பிறகு காட்டத் தோன்றவில்லை. அது வேறு விஷயம்.

அத்தை போட்டுப் பார்த்தாள். முதல் எழுத்து, மறுபடி முதல் எழுத்து. இடது மூலையில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. டிஸ்க் நின்றிருந்தால் ஃபேனும் நின்றிருக்குமே! கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெண்ணின் உதடு பிரிந்தது. மாப்பிள்ளை கையைக் காட்டினார். உதடு மூடிக்கொண்டது. பிறகு பெயர் முழுதாக வந்தது. மூன்று அசைகொண்ட ஒரு சாதாரணப் பெயர். ஹாலே மூச்சு விட்டது.

"பன்னிரண்டு வருஷம் வெட்டின கைடி இது" என்றாள் அத்தை. துண்டை அதன் இடத்தில் ஒட்டி, சத்தத்தைச் சரிசெய்து, மறுபடி எரித்தாள்.

சனிக்கிழமை நர்ஸம்மா கடையிலேயே நின்றபடி பார்த்தார். இருபத்தேழாவது நிமிடத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடிந்ததும் "ம்" என்றார். அந்த ஒரு எழுத்து போதுமாயிருந்தது. வாட்ச் கடைக்காரர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள்.

இதுவரை எழுதிய தாளை அத்தை பிடுங்கிப் படித்தாள். டிஸ்கில் பெயர் எழுதுகிற சிவப்பு மார்க்கரை எடுத்து, ஃபேனை யாருமே கவனிக்கவில்லை என்ற வரியில் 'யாருமே' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அண்ணன் மகளாம்ல? 'நான்'னு எழுதினா கை வலிக்குமா?"

"கதைல அப்படித்தான் எழுதுவாங்க அத்தை."

"சரி, கதையாவே இருக்கட்டும். அந்தத் துண்டுக்கு உன் போன்ல என்ன பேர் வச்சிருந்தே?"

அண்ணன் மகள் சார்ஜ் வயரைத் தேடினாள்.

"நான் சொல்றேன். 'ஃபேன் ஓடுது, மாப்பிள்ளை ஓடல.' நான் வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் தேதி. அப்போ கீறல் இல்லைன்னு உனக்குத் தெரியும். ரெண்டு நாள் நான் குனிஞ்ச தலை நிமிராம வெட்டினப்போ, பக்கத்துல உக்காந்து வேடிக்கைதானே பாத்தே?"