ஊதா மருந்து

நீலாம்பாளுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கூலிக்காரத் தெருவில் பிறந்து, தரங்கம்பாடியில் நர்சுக்குப் படித்து, நீடாமங்கலம் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலைக்கு வந்தவள். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் வந்திருப்பாளா என்ன!

குறுவை நடவு வந்தால் போதும், பெண்களுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நீலாம்பாள் டாக்டரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, சாயங்காலம் அவர்கள் தெருவுக்கே போய், காலைக் கழுவித் துடைத்து ஊதா மருந்து போட்டுவிடுவாள். ஆனால் பாருங்கள், மறுநாள் அந்த மருந்து காலில் இருக்காது. அடுத்த தடவை பாதிப் பேர் வரவும் மாட்டார்கள்.

"கழுவாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, காதுல விழலையா?" என்று கத்துவாள்.

தலையைக் குனிந்துகொள்வார்கள். மருந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாருக்கு நர்சம்மா" என்பார்கள்.

பலனில்லாத வேலையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். அதற்கு முன் ஒருமுறை விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று, நர்சுகளுக்குப் பாடம் நடத்தும் மதுரம் அம்மாள் தஞ்சாவூரிலிருந்து வந்தார்.

"எத்தனை பேருக்கு ஆறிச்சுன்னு எண்ண வரல, அவங்க பேசுறதைக் கேக்க வந்திருக்கேன்," என்றார் மதுரம். "நீங்க பக்கத்துல இருக்க வேணாம் நீலாம்பாள். உங்க முகத்தைப் பார்த்தா உங்களுக்காகத்தான் பதில் சொல்லுவாங்க."

நீலாம்பாளுக்குச் சுருக்கென்றது. என்றாலும் போய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தாள். தூரத்தில் மதுரம் கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார, பெண்கள் சுற்றிக் குந்தினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. திடீரென்று ராமாயி எழுந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். போன வாரம் எல்லார் முன்னாலும் நீலாம்பாள் திட்டியது அவளைத்தான். போச்சு, மானம் கப்பலேறுது என்று நினைத்தாள்.

பொழுது சாய மதுரம் மதகுக்கு வந்தார்.

"மருந்து எப்படின்னு நான் கேக்கவே இல்ல. நீங்க மருந்து போட்டதுலேர்ந்து மறுநாள் வயல்ல இறங்குற வரைக்கும் என்னென்ன நடக்குதுன்னு சொல்லுங்கன்னேன். கொட்டித் தீர்த்துட்டாங்க."

விஷயம் இதுதான். மிராசுதாரின் காரியக்காரர் பஞ்சநதம் வரப்பில் நின்று ஒவ்வொருத்தி காலையும் பார்ப்பாராம். ஊதா தெரிந்தால், "சீக்காளிக்கு நடவு கிடையாது, ஏறு கரைக்கு!" கூலித் தகராறு முற்றிய வருஷம் அது. வெளியூர் ஆளை இறக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். அதனால் பெண்கள் விடியுமுன்னே வாய்க்காலில் தேங்காய் நாரால் காலைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆறப் பார்த்த புண் மறுபடி கிழிந்துகொள்கிறது.

"பாவிங்க, என்கிட்ட ஏன் சொல்லல?"

"ராமாயி சொன்னதை அப்படியே சொல்றேன். 'நம்மள்ல ஒரு பொண்ணு, படிச்ச பொண்ணு, கீழ குந்தி நம்ம காலைத் தொட்டு மருந்து போடுது. அதைக் கழுவிட்டோம்னு எந்த வாயால சொல்றது?'"

நீலாம்பாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா! தன்னைப் பிடிக்காமல் இல்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மறுவாரமே ஊதாவுக்குப் பதில் வெள்ளைக் களிம்பு வந்தது. தடவினால் வெளியே தெரியாது. புண்கள் ஆறத் தொடங்கின, வராதவர்களும் வந்தார்கள். நிறுத்துகிற பேச்சை டாக்டர் அப்புறம் எடுக்கவில்லை.

ஆடியில் ஒருநாள் களிம்பு தீர்ந்துவிட்டது. பையில் ஊதா மட்டும்தான்.

"ரெண்டு நாள் பொறுத்துக்குங்க, வந்துரும்," என்று நீலாம்பாள் பையை மூடப் போனாள்.

ராமாயி காலை நீட்டினாள். "ஊதாவையே போடுங்க நர்சம்மா. அன்னைக்கு அந்த அம்மாகிட்ட வாய்விட்டுச் சொன்னோமா, அந்தத் தைரியத்துல கூலிக்காரங்க சங்கத்துலயும் சொல்லிட்டோம். ஒருத்தியைக் கரையேத்தினா மொத்தப் பேரும் ஏறிடுவோம், வெளியூர் ஆளையும் சங்கம் இறங்க விடாதுன்னு பஞ்சநதத்துக்கிட்ட சொல்லியாச்சு."

"நிஜமாவா?"

"பின்ன? நல்லா அழுத்திப் போடுங்க. இந்தத் தடவை கழுவ மாட்டோம்."

மறுநாள் காலையில் நீலாம்பாள் வேலைக்குப் போகிற வழியில் வரப்போரம் நின்றாள். ஊதாக் கால்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கின. பஞ்சநதம் குடையை விரித்துக்கொண்டு கால்கள் பக்கமே திரும்பாமல், தூரத்துத் தண்டவாளத்தில் ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.