வண்டிகளின் மனுவைப் படித்த எங்கள் அக்கா

அக்காவின் வருட நினைவுக்கான இந்தக் கட்டுரையைக் கையால் எழுதி அச்சகத்தில் கொடுக்கிறேன். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அச்சகத்தார் திருத்தியது போகவும் பிழை தென்பட்டால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் அக்காவுடையது. என் திருமணப் பத்திரிகை, பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம், மெக்கானிக் ஷெட்டின் போர்டு எல்லாம் அவர் எழுதியவை. தன்னைப் பற்றியும் அவரே நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் படிக்க நன்றாக இருந்திருக்கும். எனக்கும் இந்த ஒரு மாத அவஸ்தை மிச்சமாகியிருக்கும்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் சொந்த கிராமத்தில். அப்பா நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் செய்தார். நான் பிறப்பதற்கு முன், அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவருடைய வலது கால் பலம் இழந்தது. அப்போது அம்மா அண்ணாமலையாருக்கு ஒரு வேண்டுதல் வைத்தார். குழந்தை பிழைத்தால் அவள் தன் காலாலேயே மலையைச் சுற்றி வருவாள் என்பது வேண்டுதல். குழந்தை பிழைத்தது. கால் மட்டும் சரியாகவில்லை.

"பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டதோட நிறுத்தியிருக்கலாம்மா, காலை எதுக்கு நடுவுல இழுத்தே?" என்று அக்கா அம்மாவைக் கேலி செய்வார். அம்மா சிரிக்க மாட்டார். சொன்ன சொல் நிற்கவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அம்மா மறைந்த பிறகு அந்தச் சொல்லை அக்கா தன் தலையில் எடுத்துக்கொண்டார். வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பௌர்ணமி தோறும் எங்கள் திருவண்ணாமலை வீட்டு மாடியில் நின்று கிரிவலம் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் பேச மாட்டார். அக்கா பேசாமல் இருந்தால் அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து போய் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். பிறகு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் பாதி அழுகையும் பாதி கோபமுமாகச் சொல்வதைக் கேட்டு, நாலு வரியில் எழுதித் தருவார். அந்தக் கடை மூடப்பட்டபோது, செங்கம் சாலையில் நான் வைத்திருந்த ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சமயம் ஷெட்டில் ஒரு ஸ்கேனர் புதிதாகக் கிடந்தது. இப்போதைய வண்டிகளில் ஏதாவது கோளாறு என்றால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதை ஒரு எரர் கோடாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரைச் செருகினால் அந்த கோடும் விளக்கமும் திரையில் வரும். எல்லாம் ஆங்கிலம். சென்னை வரை போய் வாங்கி வந்துவிட்டு, அதை அலமாரியில் ஏற்றி வைத்திருந்தேன். அக்கா அதைக் கையில் எடுத்துப் பத்து நிமிடம் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதுவும் மனுதான்டா தம்பி. வண்டி மனு குடுத்திருக்கு. என்ன குறைனு சொல்லுது. ஏன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் எரர் கோடுக்குப் பெயர் மனு. வாடிக்கையாளர்களிடம் பேசுவது, மனுவைப் படிப்பது அக்கா. வண்டிக்கு அடியில் படுப்பது நான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அடியில் படுத்திருப்பதே சௌகரியம். ரமணாசிரமம் பக்கம் ஓடும் பேட்டரி ஆட்டோக்கள் மழைக் காலத்தில் துள்ளித் துள்ளி நின்றுபோய் எங்களிடம் தள்ளிக்கொண்டு வரப்படும். மோட்டார் சென்சார் என்று மனு வரும். மோட்டாரே போயிற்று என்று டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அக்கா முதலில் சென்சாருக்குப் போகும் வயர் கனெக்டரைக் கழற்றச் சொல்வார். உள்ளே தண்ணீர் நிற்கும். முடி காய வைக்கும் மெஷினை வைத்து அதைக் காய வைப்பார். அக்காவின் பிறந்தநாளுக்கு என் மகள் வாங்கிக் கொடுத்த மெஷின் அது. அக்கா தன் தலைக்கு ஒரு நாளும் அதைப் பிடித்ததில்லை.

அக்கா வைத்த சட்டம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் மனுவை அழிக்கக் கூடாது. வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். சூடேறி, மேடு ஏறி, கூட்டத்தில் நின்று புறப்பட்டு, அதன் பிறகும் கோளாறு இல்லை என்றால்தான் அழிக்க வேண்டும். "குறை தீராம மனுவைக் கிழிக்கிறது பாவம்டா" என்பார். நான் ஓட்ட, அவர் முன் சீட்டில் மடியில் ஸ்கேனரோடு வருவார்.

இதை முதலில் எதிர்த்தவர் எங்கள் அத்தை. அப்பாவின் தங்கை. அவர் வருடக் கணக்காக வெறுங்காலோடு கிரிவலம் போனவர். முட்டி வலி வந்த பிறகு வீட்டோடு நின்றாரே தவிர, வண்டியில் சுற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டவர்.

"கார்ல சுத்தினா காருக்குத்தான்டி புண்ணியம். உங்கம்மா வேண்டினது கால்ல" என்றார்.

"அப்போ நம்ம ஷெட்டுக்கு வர்ற வண்டியெல்லாம் மோட்சத்துக்குப் போகும் அத்தை. போர்டுல எழுதிடவா?" என்றார் அக்கா.

சிரித்தாரே தவிர, அத்தையின் பேச்சு அக்காவுக்கு உள்ளே தைத்தது.

வேங்கிக்காலில் புது வீடு கட்டி வந்த ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி, நாங்கள் சார் என்போம், தன் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. கியர் பாக்ஸ் ஆயில் பிரஷர் சென்சார் சொல்லும் அளவு சரியில்லை என்று மனு வந்தது. அந்த ஆயிலைத் தள்ளும் பம்ப் லேசாக அழுவது போல என் காதில் பட்டது. ஆனால் பம்பைப் பார்க்க கியர் பாக்ஸையே இறக்க வேண்டும்; சென்சார் மாற்றுவது சின்ன வேலை. முதலில் சென்சாரை மாற்றுவோம் என்று அக்கா சொன்னார். நானும் சந்தோஷமாகச் சரி என்றேன்.

மாற்றிய அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம் என்று காலையிலேயே புறப்பட்டோம். அடி அண்ணாமலை வரை வண்டி பூப்போலப் போயிற்று. அதைத் தாண்டியதும் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இறங்குதுடா, பிரஷர் இறங்குது" என்றார். குபேர லிங்கக் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றே விட்டது. புது சென்சாரும் பழையது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா ஸ்கேனரைக் கழற்றி மறுபடி செருகிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "சென்சார் ஒழுங்காத்தான்டா சொல்லியிருக்கு. குறையைச் சொன்னவனை நாம மாத்திட்டோம்."

கூட்டம் சேர ஆரம்பித்தது. உதவி கேட்க எனக்குக் கூச்சம். அக்கா கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டார். நாலைந்து வாலிபர்கள் ஓடி வந்து பின்னால் கை வைத்தார்கள். ஒருவர் "அண்ணாமலையாருக்கு" என்றார். சாலையே "அரோகரா" என்றது. கார் தேர் மாதிரி நகர்ந்தது. எதிரே நின்ற ஒரு அம்மாள் என்ன நினைத்தாரோ, காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நிறுத்துடா. இன்னும் உக்காந்திருந்தா என் நெத்தியில விபூதி பூசிடுவாங்க" என்று அக்கா இறங்கினார். ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றி, "நானும் தள்றேன்" என்றார். அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு குபேர லிங்கம் வரை நடந்து வந்துவிட்டார். அங்கே வந்து சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தார். தான் நடந்து வந்த தூரத்தை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

மறு வாரம் கியர் பாக்ஸை இறக்கி பம்பை மாற்றினோம். சோதித்துப் பார்க்கப் போனபோது குபேர லிங்கத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் நடந்தார். அதற்கு அடுத்த வண்டியில், விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம். எந்தக் கம்பம், எந்தக் கடை வாசல் என்று அவருக்கு மனப்பாடம். ஆட்டோமேட்டிக் கார் வந்தால் அவருக்குத் தனி மகிழ்ச்சி. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே அது ஊர்ந்து வரும். ஒரு வாடிக்கையாளர், "வண்டியை நான் ரிப்பேருக்கு விட்டேனா, வேண்டுதலுக்கு விட்டேனா?" என்று கேட்டார். கேட்டவரே அடுத்த முறை கூட வந்து குடை பிடித்தார்.

அத்தை மட்டும் விடவில்லை. "இது என்னடி ஃப்ரிட்ஜா, தவணையில வாங்க?"

"ஃப்ரிட்ஜ்காரன் முதல்ல பொருளைக் குடுத்துட்டுத்தான் தவணை கேக்கறான் அத்தை. சாமி என்கிட்ட அதுகூடச் செய்யலையே."

இப்படிச் சில வருடங்களில் அக்கா ஈசான்ய லிங்கம், பெரிய கோபுர வாசல், ரமணாசிரமம், அடி அண்ணாமலை எல்லாம் கடந்து, வாயு லிங்கத்தையும் தாண்டிவிட்டார். சுற்று முடிய, முதல் நாள் வண்டி நின்ற இடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். நல்ல காலுள்ளவர் பத்து நிமிடத்தில் நடந்துவிடுவார். அந்த நிலையில்தான் அவர் வயிற்றில் கட்டி என்று பரிசோதனையில் வந்தது.

வேறு இடத்தில் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அதிலும் அப்படியே வந்தது. இன்னொரு இடம் போவோம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சென்சாரை மாத்திக்கிட்டே இருக்காதடா தம்பி" என்றார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

ஆஸ்பத்திரியிலும் அவர் வேலையை விடவில்லை. நான் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து அனுப்புவேன். அவர் போனில் விளக்குவார். ஒரு நாள் "பம்ப் வீக்காயிடுச்சு, சூடானா பிரஷர் இறங்குது, லேட் பண்ணாதே" என்று அவர் சொல்வதைக் கேட்டுப் பக்கத்து அறை நர்ஸ் ஓடி வந்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரித்தார். மிச்சத் தூரத்தைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "கொஞ்சம்தான்டா இருந்தது" என்றார். சில வாரங்களில் வீட்டில், எங்கள் நடுவில், அமைதியாகக் கண் மூடினார்.

அக்காவை அன்போடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் உடனிருந்த என் மனைவிக்கும், இறுதி ஊர்வலத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி மரியாதை செய்த பேட்டரி ஆட்டோ நண்பர்களுக்கும், கார் வழியில் நின்ற அன்று முதல் இன்று வரை அதை வேறு ஷெட்டுக்குக் கொண்டு போகாத வேங்கிக்கால் சாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு மாதிரியானது.

வருட நினைவு வேலைகளுக்காக அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். நேற்று சாருடைய காருக்கு கியர் ஆயில் மாற்றிவிட்டு மலையைச் சுற்றப் புறப்பட்டேன். அத்தை வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டார். வண்டியை எடுத்தேன். வாயு லிங்கம் தாண்டியதும் அவரே கேட்டார்.

"எங்கடா விட்டா அவ?"

ஒரு புளிய மரத்தைக் காட்டினேன். அத்தை செருப்பைக் காருக்குள் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார். ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பிரேக்கை லேசாக விட்டேன்.

"மெதுவா போடா. நான் என்ன பந்தயத்துக்கா வந்தேன்?"

வழியெல்லாம் முட்டியைத் திட்டிக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும் நடந்தார். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். எனக்கு மனது கேட்காமல், "இது கணக்குல வருமா அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

"இத்தினி வருஷம் உங்கக்கா வாய்க்கு ஈடு குடுத்தவ நான். வராதுன்னு அவர் சொல்லட்டும், நான் பேசிக்கிறேன்" என்று மலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

முதல் நாள் வண்டி நின்ற இடம் வந்தது. சொன்னேன். அத்தை மலையைப் பார்த்துக் கை கூப்பினார். "அண்ணி, நீங்க சொன்னது முடிஞ்சுது" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு காரில் ஏறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேனரை என் பக்கம் நீட்டினார்.

"மனு ஏதாவது இருக்கா பாரு."

பார்த்தேன். "ஒண்ணும் இல்ல அத்தை."

"அப்போ கிளம்பு" என்றார்.

இன்று காலை ஷெட்டைத் திறக்காமல் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

திருவண்ணாமலை,
பங்குனி மாதம், பௌர்ணமிக்கு முந்தின வியாழக்கிழமை.