டயர் தட்டும் கம்பி

முப்பது வருஷம் கிளட்ச் மிதித்ததில் என் இடது முட்டி தேய்ந்துவிட்டது. கைத்தடி ஊன்றச் சொன்னார் டாக்டர். சங்ககிரி லாரி ஸ்டாண்டில், என்னோடு வண்டி ஓட்டியவர்கள் முன்னால் கைத்தடியா? கூச்சமாக இருந்தது. டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நீளமான கம்பியை எடுத்துக்கொண்டேன். அதை ஊன்றி நடப்பேன். யாராவது பார்த்தால் பக்கத்து லாரியின் டயரைத் தட்டுவேன்.

ஒருநாள் ஸ்டாண்டில் ஒரு லாரிகூட இல்லை. நடுவில் விழித்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்கார அம்மா சத்தம் போட்டார்: "ஏனுங்கண்ணா, தட்டறதுக்கு டயரைத் தேடறீங்களா? சும்மா ஊனிக்கிட்டே வாங்க. எங்களுக்கு எப்பவோ தெரியுமுங்க!"

கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, முதல்முறையாக எங்கும் நிற்காமல் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது கைத்தடிதான். ஆனாலும் வழியில் லாரி நின்றால், ஒரு தட்டுத் தட்டாமல் போக மனசு வருவதில்லை.