வெள்ளிமலை ஜீப்பில் ஒரு காலித் தூளி

என் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றுதான். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் கல்யாண வீடியோவுக்கு மிக்ஸிங் செய்தவள் நான். மணப்பெண்ணைத் தாமரைக்குள் உட்கார வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையை நிலாவில் நடக்க விட்டிருக்கிறேன். ரிஷிவந்தியத்து மாமனார் ஒருவரின் தலையை மட்டும் மேகத்தில் மிதக்க விட்டு ஆசீர்வாதம் செய்ய வைத்தேன். அவர் அந்த வீடியோவில் கூடுதலாக இரண்டு பிரதி கேட்டு வாங்கிப் போனார். அப்போதெல்லாம் ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டேன். விட்டது சரியா என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஸ்டுடியோக்கார பாயிடம் பழைய கேமராவை இரவல் கேட்டேன். என் முதல் படத்தில் ஒரு பெண் கரும்புத் தோட்டத்தில் நின்று காய்ந்த சோகை இலைகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போடுகிறாள். நாலு நிமிடம். அவ்வளவுதான்.

பாய் முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இன்னாம்மா இது, தோட்டத்துல கரண்டு எங்கேர்ந்து வந்துச்சி?"

"கரிப் பெட்டி பாய்."

"அப்ப சரி."

இரண்டாவது படத்தில், ரேஷன் கடை வரிசையில் ஆட்களுக்குப் பதிலாக வைத்த கற்களே நகர்ந்து போய் அரிசி வாங்கின. இரண்டையும் புதுச்சேரியில் ஒரு சிறிய திரைப்படக் கழகத்தில் திரையிட்டார்கள். அங்கே ஒருவர் சொல்லித்தான், நான் எடுப்பதற்கு சர்ரியலிசம் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன். கிறுக்குக்கு ஒரு பெயர் கிடைத்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. அடுத்த படத்தையும் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

மூன்றாவது படத்தை எடுக்க நினைத்தபோது எனக்கு மகள் பிறந்து எட்டு மாதம். என் கணவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். அந்த ஜீப்பின் பின்பக்கம் ஆட்கள் யாரும் இல்லை, மேல் கம்பியில் கட்டிய ஒரு புடவைத் தூளி மட்டும் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டே மலையேறுகிறது. இதுதான் என் மனதில் வந்த காட்சி. வந்ததும் பயந்துவிட்டேன். காலித் தூளியை ஆட்டினால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். கணிதம் படித்தவள்தான். ஆனாலும் வீட்டில் பாப்பாவை எடுத்த கையோடு தூளியைச் சுருட்டி மேலே செருகாமல் நான் நகர்ந்ததில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். மிக்ஸி வந்த பிறகு எங்கள் வீட்டு அம்மியை யாரும் தொடுவதில்லை. அதன் குழவிக் கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், யாருக்கும் தெரியாமல் தூளிக்குள் வைத்துப் படம் பிடித்தேன். மகள் அன்று என் மாமியாரிடம் இருந்தாள்.

மறுநாள் காலை பாப்பா கால்களை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுதாள். டாக்டர் வாயு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஜீப்பில் தூளி கட்டியதைக் கணவர் சொல்லியிருந்தார்; மாமியார் மருந்துச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலித் தூளிய ஆட்டிக்கினு மலைக்குப் போனா புள்ளைக்கு வவுறு வலிக்காம இன்னா பண்ணும்? படிச்சவதானே நீ?"

"நான் ஆட்டல அத்த. வண்டிதான் ஆட்டுச்சி."

"வண்டிய ஓட்டனவன் யாரு? எம்புள்ளையயும் இதுல சேத்துக்கினியா? அழிச்சிடு அத."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிச்சிடேன். வேற எதுனா எடுத்துக்கலாம். மலையில மரத்துக்கா பஞ்சம்?" என்றார்.

தூளி காலியாக இல்லை, உள்ளே கல் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அழித்துவிடலாம் என்றே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

தூளி கனத்துத் தொங்கியது. உள்ளே ஒரு குழந்தை நன்றாகத் தூங்குவதுபோல அடக்கமாக ஆடியது. பார்க்கிறவர்களுக்கு ஒரு கலக்கமும் வராது. பயந்து பயந்து நான் எடுத்த காட்சியில் பயமே இல்லை. மேகத்தில் மிதந்த மாமனார் தலையில்கூட இதைவிட உண்மை இருந்தது. செய்யாத ஒன்றுக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

அழித்தேன். எழுந்து போய்ச் சொன்னேன்.

"அழிச்சிட்டேன் அத்த. பாப்பாவுக்கு நல்லா ஆனதும் மறுபடி எடுக்கப் போறேன். அன்னிக்கு உள்ள அம்மிக் கொழவிக் கல்லு வெச்சிருந்தேன். இந்தத் தடவ நெஜமாவே காலி."

மாமியார் கேட்டார், "கல்லு எங்க?"

"ஜீப்புலதான் கெடக்குது."

"மொதல்ல அத கொண்டாந்து வை."

ஒரு வாரம் கழித்து நான் கேமராவோடு கிளம்பியபோது, மாமியார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நீங்க ஒங்க கூத்த ஆடுங்க. புள்ள எங்கிட்டதான் இருக்கும்." மலை ஏறி முடிக்கும் வரை அவர் ஒரு முறைகூடப் பின்னால் திரும்பவில்லை. நாலாவது வளைவில் பாப்பா அவர் மடியிலேயே பாலைக் கக்கினாள். கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நிறுத்தட்டா?" என்றார். மலைப் பாதையில் எந்தக் குழந்தைதான் கக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று தெரியாது.

"போங்க," என்றேன்.

கனமே இல்லாத புடவை ஒவ்வொரு வளைவிலும் வெறிபிடித்ததுபோல் ஆடியது. படத்தில் ஓரமாக மாமியாரின் கொண்டை தெரிகிறது. திரும்பாத கொண்டை. புதுச்சேரியில் எல்லோரும் அதற்குத்தான் அர்த்தம் கேட்டார்கள்.

மகளுக்கு இப்போது நாலு வயது. வயிறு வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூளி ஞாபகம் வரும். சுடுதண்ணீர் கொடுப்பேன், தடவி விடுவேன், செய்தது தப்போ என்று நினைப்பேன். அந்தக் காலித் தூளி ஷாட்டை வெட்டி நீக்கிவிட்டால் வேறு ஊர்களிலும் திரையிடலாம் என்று படம் போடுகிறவர்கள் இரண்டு பேர் எழுதினார்கள். இரண்டு பேருக்கும் முடியாது என்று பதில் போட்டேன்.