சிக்னல் எட்டாத சந்து

சக்கரபாணி அண்ணன் கோபம் வந்தால் கத்தமாட்டார், ஒளிந்துகொள்வார். அவர் ஒளிந்த இடம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2004இல் நாங்கள் இருவரும் ஒரு செல்போன் கம்பெனிக்காகத் திருவண்ணாமலைத் தெருக்களில் சிக்னல் அளந்தோம். கையில் போன், ஒரு நோட்டு. பத்தடிக்கு ஒருமுறை நின்று எத்தனை கோடு காட்டுகிறது என்று குறிக்க வேண்டும். மாடி மேல் டவர் நிற்கும் தெருவில் சிக்னல் நேராக ஓடும். முனையில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, பக்கத்துத் தெருவுக்குள் நாலு வீடு வரை போகும். பிறகு இளைத்துவிடும். உயரமான இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே இருந்த சந்தில் சுத்தமாகச் செத்துவிடும். எந்த இடத்தில் கடைசிக் கோடு போகும் என்பதுவரை அண்ணனுக்கு அத்துப்படி.

அவர் மகள் தென்றல், வேறு சாதியைச் சேர்ந்த முருகவேலைக் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போய்விட்டாள். ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கிருந்த டெலிபோன் பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிடுவாள். பேச அவருக்கு மனசு வரவில்லை. போனை அணைத்துவிட்டால், அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்று பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கும் மனசு வரவில்லை. அதனால் ஐந்தே முக்காலுக்கே அந்தச் சந்துக்குள் போய் நின்றுகொள்வார்; தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் அவளுக்குக் கேட்கும். ஆறரைக்கு வெளியே வருவார். ஏழு மாதம் இந்தக் கூத்து நடந்தது. நல்ல மனுஷன்தான், வீம்புதான் ஜாஸ்தி.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை முருகவேல் எங்கள் ஆபீசுக்கு வந்தான். குழந்தை பிறந்த மறுநாளே இறந்துவிட்டது, தென்றல் ஒரு வாய் சோறு தின்ன மாட்டேன் என்கிறாள் என்றான். அண்ணன் செருப்புகூடப் போடாமல் என் வண்டியில் ஏறினார்.

பாயில் கிடந்தவள் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நீ ஏம்ப்பா அழுவுற? ஞாயித்துக்கெழம வலியோடவே பூத்துக்குப் போய் உனக்குப் போட்டேன். கெடைக்கல. இவரு உன்னத் திட்டுனாரு. எங்கப்பாவுக்கு டவர் எடுக்காத எடமாப் பாத்துப் போறதுதான் வேலை, வேணும்னு பண்ண மாட்டாருன்னு நான்தான் சண்ட போட்டேன்."

உண்மையைச் சொன்னால் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். அண்ணன் அவள் கையை விடவில்லை.

"ஆமாம்மா" என்றார்.