சுவரைத் தொடாத தலை

ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற ராசாத்திக்குக் கழுத்துவலியும் முதுகுவலியும் வந்தபோது, மகள் கோகிலவாணி அவள் போனில் ஓர் ஆப் போட்டுக்கொடுத்தாள். மணிக்கொரு தரம் அது கூப்பிடும். உடனே வேலையை நிறுத்தி அது காட்டுகிற பயிற்சியைச் செய்ய வேண்டும்.

தறிச் சத்தத்தில் மணியோசை எங்கே கேட்கும்? போனை வைப்ரேஷனில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் போனைப் பார்த்துவிட்டுக் கத்துவாள். "ஒண்ணாச்சும் பண்ணுனியாம்மா? பேருக்குத்தான் வெச்சிருக்கியா?"

"அது கூப்புடவே இல்ல சாமி."

பொய் என்றே கோகிலவாணி நினைத்தாள். தறி ஓடும்போது தரையும் அதிரும், ஆளும் அதிரும். அந்த நடுக்கத்தில் ஒரு போனின் நடுக்கம் எம்மாத்திரம்?

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அப்போதுதான் இடுப்பில் ஏதோ துடித்தது. பதறி எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒரு பெண் முதுகையும் பின்னந்தலையையும் சுவரில் ஒட்டி நின்றாள்.

ராசாத்தியும் சுவரோடு நின்றாள். முதுகு பட்டது. தலை படவில்லை. அழுத்திப் பார்த்தாள்; வலிதான் வந்தது.

பக்கத்துத் தறி ஓட்டும் சரோஜா, அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். மூடிய கை அப்படியே நுழைந்தது.

"ஏனக்கா, இத்தனை சந்து இருக்குது?"



கரண்ட் வந்தது. ராசாத்தி தறிக்குத் திரும்பினாள். அறுந்த இழையைக் கட்ட அவள் தனியாகக் குனிய வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே குனிந்துதான் நின்றிருந்தாள்.