எழுதி வைத்ததை யார் யார் பார்க்கிறார்கள்

மற்றவர்கள் தாங்கள் மறந்துவிடக் கூடாதே என்று எழுதி வைப்பதை அவர்களுடைய போன், கம்ப்யூட்டர், டேப்லெட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிய வைப்பது எங்கள் தொழில். தெரியக் கூடாத ஆளுக்கும் தெரிந்துவிட்டால் அதற்குத் திட்டு வாங்குவது என் வேலை.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டைப் பார்த்த ஒரு மாடியில் மூன்று அறை, எட்டுப் பேர். கேஸ் புக் பண்ணணும், பிள்ளைக்குத் தடுப்பூசி போடணும், மாமாவுக்குப் போன் பண்ணணும் என்று நீங்கள் எழுதி வைக்கிற ஆப் ஒன்றைச் செய்து விற்கிறோம். போனில் டிக் அடித்த வேலை கம்ப்யூட்டரில் அடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்களும் பல்லைக் கடித்திருப்பீர்கள். அந்தக் கோபத்தோடு ஒரு நம்பருக்குக் கூப்பிடுவீர்கள் இல்லையா, அந்த நம்பரை எடுக்கிறவள் நான். இங்கே வருகிற ஆட்களின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். பழக்கதோஷம்.

செல்லூர் கம்ப்யூட்டர்

சுப்புராமன் அண்ணனுக்குச் செல்லூரில் சின்னதாக ஒரு பவர்லூம் கொட்டகை. ஆர்டர் எல்லாவற்றையும் எங்கள் ஆப்பில்தான் எழுதுவார். கொட்டகைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும், போனில் இருப்பது அதிலும் தெரிய வேண்டும் என்றார். வீட்டுக்குப் போகிற வழிதானே என்று நானே போய் இணைத்துக் கொடுத்தேன். "எல்லாமே தெரியட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "எல்லாந்தாம்மா, நம்ம பயலுகதான பாக்கப் போறானுக" என்றார். எல்லாம் என்றால் அவர் தனக்கென்று எழுதிக்கொண்டதும் சேர்த்துத்தான் என்று நான் விளக்கிச் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் என் தப்பாகத்தான் நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். தறி இரண்டைக் குறைக்க வேண்டிய நிலைமை. கோபால் என்று ஒருவர், அண்ணனுடைய கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவரிடம் தறி ஓட்டுகிறவர். 'கோபாலிடம் சொல்லணும், அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்' என்று போனில் எழுதி, நாலு மாதமாகச் சொல்ல வாய் வராமல் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார். அன்று காலையில் ஆர்டர் பார்க்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த கோபால் அதைப் படித்துவிட்டார். சாயங்காலம் வரை தறி ஓட்டியிருக்கிறார். பஞ்சுத் தூசியைக் கூட்டி அள்ளிப் போட்டிருக்கிறார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாராம். சுப்புராமன் அண்ணன் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்:

"அண்ணே, லிஸ்ட்ல அதை டிக் அடிச்சிருங்க. நான் படிச்சிட்டேன்."

கண் அடையாளம்

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ராசு ஐயா இரண்டு பஸ் மாறி ஆபீசுக்கே வந்துவிட்டார். தோட்டம் வைத்திருக்கிறவர், தனியாக இருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கிற மகன் இவர் போனில் ஆப்பைப் போட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் வைத்துக் கொடுத்திருக்கிறான். காலையில் பிரஷர் மாத்திரை, வெள்ளிக்கிழமை மோட்டார் சர்வீஸ் என்று அவன் எழுதுவான். இவர் முடித்துவிட்டு டிக் அடிப்பார். இவரும் அவனுக்கு எழுதலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததிலிருந்து எழுதி வருகிறார். அதுதான் போய்ச் சேரவில்லை என்பது புகார். அவன் போன் வேறே கம்பெனி, இவருடையது வேறே, அதனால் ஒத்துப்போகவில்லை போல என்று அவராகவே ஒரு காரணமும் வைத்திருந்தார்.

போனைத் திறந்து காட்டச் சொன்னேன். மகன் பெயரில் ஒரே ஒரு வேலைதான், ஞாயிறு தவறாமல் எழுதியிருந்தார்: 'அப்பாகிட்ட பேசணும்'. ஒன்றுக்கும் டிக் இல்லை. "எல்லாத்துக்கும் பக்கத்துல கண்ணு மாதிரி ஒண்ணு விழுகுது பாருங்க, அதுதான் கோளாறுன்னு நெனைக்கேன்" என்றார். எதிர் முனையில் திறந்து பார்த்துவிட்டார்கள் என்பதற்குத்தான் அந்தக் கண் அடையாளம்.

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொன்னால் நம்பி எழுந்து போயிருப்பார். வாய் வரவில்லை. கண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். போனை வாங்கி மேலிருந்து கீழே ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். "அப்ப உங்க மெஷின்ல கோளாறு இல்லையா?" என்று கேட்டார். இல்லைங்கய்யா என்றேன். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தாயி."

பூட்டை ஆட்டிப் பார்த்தவர்

ஒரு தனியார் கல்லூரியின் தாளாளர், ஆசிரியர்கள் எல்லோருக்கும் மொத்தமாக எங்கள் ஆப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த அளவுக்கு ஆள் எண்ணிக்கையுள்ள வாடிக்கையாளர் எங்களுக்கு வேறு கிடையாது. ஒரு நாள் நேரில் வந்தார். குறிப்பிட்ட ஒரு பேராசிரியை வேறு இடத்தில் வேலை தேடுகிறாராம். அவருடைய சொந்தப் பட்டியலைத் திறந்து காட்ட வேண்டுமாம்.

பாண்டி என்னைவிட வயதில் சின்னவன், ஆனால் முதலாளி அவன்தான். எழுதுகிறவர்களின் பாஸ்வேர்டு இல்லாமல் எங்களாலேயே திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னான். "செஞ்சவங்க நீங்க, உங்ககிட்டயே சாவி இல்லைன்னா என்னங்க பூட்டு?" என்று எழுந்தார். அந்த வாரமே கல்லூரி முழுக்க எங்கள் ஆப்பை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் இரண்டு மாதம் ஆபீசில் டீகூட எண்ணித்தான் வந்தது. அவர் படியிறங்கின பிறகு பாண்டி என் மேஜைக்கு வந்து சொன்னான்:

"அக்கா, நம்ம பூட்டை இன்னைக்குத்தான் ஒருத்தர் ஆட்டிப் பாத்திருக்காரு. தாங்கி நின்னுருச்சு."

திரும்பி வந்தவை

ஆனையூரில் டியூஷன் எடுக்கிற சித்ரா அக்கா பரணில் கிடந்த பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறார். அது கண் விழித்ததும், அவர் எப்போதோ அழித்த வேலைகளையெல்லாம் புதுசு என்று நினைத்துப் புது போனுக்கும் லேப்டாப்புக்கும் அனுப்பிவிட்டது. இது எங்கள் தப்புதான், பிறகு சரி செய்தோம். ஆனால் அன்று அவர் கூப்பிட்டபோது முடிந்துபோன பரீட்சை, விற்றுவிட்ட ஸ்கூட்டியின் சர்வீஸ், எல்லாம் வரிசையாக அவர் கண் முன்னால் நின்றன. என்னை ஒரு பிடி பிடித்தார்.

மொத்தமாக அழிக்கிற வழியைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'தம்பிக்குப் போன்.' தினமும் எட்டு மணிக்கு நினைவூட்டச் சொல்லி வைத்திருந்தது. வீட்டைப் பிரிக்கிற பேச்சில் சண்டையாகி, அன்றைக்கே அதை அழித்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு தம்பியோடு பேச்சே இல்லையாம். அதையும் அழிச்சிரலாமாக்கா என்று மெதுவாகக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் அழிச்சிர்றேம்மா. அந்த ஒண்ணு கெடக்கட்டும்."

அனுப்பக் கூடாத மெயில்

ஒரு மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து ஆபீஸ் போனிலிருந்து பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட சத்தத்தில் தெரிந்தது. கணக்கைத் தேட மெயில் முகவரி கேட்டேன், சொன்னார். பிறகு கேட்டார்: "நான் எழுதுறது வீட்டு டேப்லெட்ல தெரியக் கூடாது. ஆனா டேப்லெட்ல இருந்து லாக் அவுட்டும் ஆகக் கூடாது. முடியுமா?"

எதையும் எல்லா இடத்திலும் தெரிய வைப்பதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி. "அது எதுக்கு மேடம்?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டேன். "டேப்லெட்ட தினமும் அவரு பாப்பாரு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "போனையும்தான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பழைய கணக்கைத் தொட வேண்டாம் என்றேன். மளிகை, பால், அயர்ன் துணி எல்லாவற்றையும் வழக்கம்போல அதிலேயே எழுதிக்கொண்டிருங்கள், திடீரென்று நிறுத்தினால்தான் சந்தேகம் வரும் என்றேன். பள்ளிக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மெயில், அதில் ஒரு புதுக் கணக்கு. போனில் எதுவும் ஏற்ற வேண்டாம், பிரவுசரிலேயே திறக்கலாம், எழுதி முடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும், நினைவூட்டல் எல்லாம் நிறுத்தி வைக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தார். பாஸ்வேர்டு மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது என்று எச்சரித்தேன். "அது தேவலை" என்றார்.

போனை வைத்து நிமிர்ந்தபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. எங்களைக் கூப்பிட்டுப் பேசினால் பத்து நிமிஷத்தில் 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று தானாக ஒரு மெயில் போகும். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதும் அதில் இருக்கும். 'புதுக் கணக்கு தொடங்க' என்று நானே தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த மெயில் போகப் போவது அவர் முதலில் சொன்ன பழைய முகவரிக்கு, அதாவது டேப்லெட்டுக்கு. என் பக்கத்திலிருந்து அதை நிறுத்த வழி கிடையாது. பாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே கீபோர்டைத் தட்டினான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் மூன்று நிமிஷம் இருக்கும்போது நிறுத்திவிட்டான். அன்று முதல், மெயில் அனுப்பலாமா என்று கேட்காமல் நாங்கள் யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு ஒரு நாள் கணக்கை மூடியவர்களின் பட்டியலில் அந்தப் புது முகவரி இருந்தது. பழைய கணக்கைப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. கடைசியாக எழுதிய தேதி மட்டும் தெரியும். ஒரு வாரமாக அதில் யாரும் எதையும் எழுதவில்லை. எங்கே போனார், யாரோடு இருக்கிறார், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாரா, ஒன்றும் தெரியாது. கணக்கை மூடும்போது காரணம் சொல்ல ஒரு பெட்டி வைத்திருப்போம். முக்கால்வாசிப் பேர் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். அவர் எழுதியிருந்தார்:

"எழுதினது எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே மறைச்சு எழுத ஒண்ணும் இல்லை."

இம்புட்டுப் பேருக்கு இம்புட்டுப் பூட்டு மாட்டிக் கொடுத்துவிட்டு, என் வீட்டு வேலைப் பட்டியலை மட்டும் நான் இன்னும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில்தான் ஒட்டுகிறேன். வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள், ஒருத்தரும் ஒன்றையும் செய்வதில்லை.